பழைய கிராவல் குழி நிலத்தில் முளைத்த சீமைக்கருவேலத்தையும் பார்த்தீனியக் களையையும் ஒழிக்க என்ன மருந்து அடிக்கலாம்?

கேட்ட விதத்திலேயே தெரிகிறது, விலை குறைவு என்று இடத்தை வாங்கிவிட்டீர்கள், மேல்மண் இல்லை என்பது பத்திரம் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டிருக்கும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நானும் அந்தக் கதைதான். நான் வாங்கவில்லை, அப்பா வைத்துவிட்டுப் போனது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் பூமி. பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் வீதியிலும் தமிழ்தான். அதில் 2 ஏக்கர் மேட்டை அப்பா கிராவல் எடுக்க விட்டார். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் பரப்பித் தருவதாகப் பேச்சு. முதலில் லாரி ஏறியதே அந்த மேல்மண்தான். பத்தடி எடுத்துச் சுக்காம்பாறை தட்டியதும் ஆளையே காணோம். ஐந்தாறு வருடத்தில் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டது, இடையிடையே பார்த்தீனியம்.

2018 சித்திரையில் ஜேசிபி வைத்து இரண்டே நாளில் மொட்டையடித்தேன். பார்க்க அவ்வளவு சுத்தம், போட்டோ எடுத்து மச்சானுக்கெல்லாம் அனுப்பினேன். அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்தது, பார்த்தீனியம் யாரோ நாற்றங்கால் விட்ட மாதிரி கிளம்பியது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், அதெல்லாம் மண்ணில் கிடந்திருக்கிறது, நிழலை எடுத்து வெயில் காட்டியது நான். ஜேசிபி வாளி பட்டு ஒடிந்த கருவேலக் கட்டைகள் ஒன்றுக்கு ஏழெட்டாகத் துளிர்த்தன.

இனி உங்கள் மருந்துக் கேள்விக்கு வருகிறேன். 2019-ல் கேரளாவில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், வேலந்தாவளம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய் வாங்கி வந்து அடித்தேன். நின்ற செடி கருகியது, அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே பார்த்தீனியம். அந்த மருந்து பச்சையாக நிற்பதைத்தான் கொல்லும், மண்ணுக்குள் கிடக்கும் விதையை ஒன்றும் செய்யாது. 2022-ல் மத்திய அரசும் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று சொல்லிவிட்டது, அதனால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

என் மாமனாருக்குக் காங்கேயம் பக்கம், கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, வைத்துப் பிழைத்தவர். வந்தவர் ஜேசிபி விட்டுப்போன ஒரு முள் புதருக்கு அடியில் குந்தி, குச்சியால் கிளறினார். இரண்டு விரல் கனத்துக்குக் கருப்பாகப் பொலபொலவென்று மண். நான் வழித்த இடத்தில் குத்தினார், குச்சி ஒடிந்தது. "மாப்பிள்ளை, அஞ்சாறு வருசமா இந்த முள்ளு சேத்து வெச்சதையும் வழிச்சுக் குழியில தள்ளிப்போட்டீங்களேங்க" என்றார். (சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாகக் கிளம்பி வர வேண்டாம். எடுக்க வேண்டிய மரம்தான். மொத்தமாக, வெறும் தரையாக்கி எடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.)

பிறகு இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையாக முள்ளை எடுத்தோம். மழை பெய்த மறுநாள் கடப்பாரையால் ஒரு முழம் தோண்டி வேரோடு நெம்பினால் அதிகம் துளிர்க்கவில்லை. எடுத்த அன்றே அந்தப் பட்டையில் விதைத்துவிட வேண்டும், ஒரு வாரம் சும்மா விட்டால் போச்சு. முதல் வருடம் கொள்ளும் கொளுஞ்சியும் தழையுரத்துக்காக, பூத்ததும் அப்படியே மண்ணில் மடக்கி விட்டோம். அடுத்த வருடம் மேய்ச்சலுக்கான கொழுக்கட்டைப்புல். இந்தப் புல் விதையை உருவின கையோடு விதைத்தால் முளைக்காது, ஆறேழு மாதம் மூட்டையில் கிடக்க வேண்டும். பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும், ஈர மணலில் பிசறித் தூவினோம்.

ஆட்டுப்பட்டி போட்டதில் ஒரு கூத்து. கருவேலங்காய் உதிரும் பருவத்தில் போட்டுவிட்டேன். பட்டி நின்ற இடம் மட்டும் அளந்து வைத்தாற்போல் சதுரமாகக் கருவேலங்கன்று! காயைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையோடு நட்டுவிட்டுப் போயிருக்கிறது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால் கையால்தான் பிடுங்கினோம். கையுறை போடாமல் இறங்கிய அம்மாவுக்கு முழங்கை வரை தடித்து ஒரு மாதம் அரிப்பு.

சுரங்கம் தோண்டிய நிலத்தில் தோண்டியவர்களே திரும்பப் புல் வளர்த்துத் தர வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்லி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்களுடையது அதற்கு முந்தைய கதை, இருந்தாலும் அதைச் சொல்லி ஒரு மனு கொடுத்துப் பார்த்தேன், தமிழில். கேரளாவின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி எங்களைப் போன்ற தமிழர்கள் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். வந்தது மலையாளத்தில், அதுவும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரி. எனக்கு மலையாளம் நன்றாக வாசிக்க வரும், அது வேறு விஷயம். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள் தெரியுமா? சரி, அதை விடுங்கள்.

இப்போது முக்கால்வாசி இடத்தில் புல் நிற்கிறது, இரண்டு மாடு மேய்கிறது. குழியின் மேற்கு ஓரக் கருவேலத்தை மட்டும் இன்னும் தொடவில்லை, பக்கத்துத் தோட்டத்து ஆடு குழியில் விழாமல் இருக்க அதுதான் வேலி. போன வருடத்துப் புல் விதை அரை மூட்டை கிடக்கிறது, வேண்டுமென்றால் சொல்லுங்கள்.