மடக்கு கேமராவில் இன்றைய கலர் ஃபிலிம்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தா வைத்திருந்த ஸைஸ் ஐகான் நெட்டார் மடக்கு கேமரா வீட்டில் இருக்கிறது. 12 படம் விழும் சதுர வகை. லென்ஸ் நோவார் 75 மி.மீ., எஃப் 6.3. ஷட்டரில் பி, 25, 75, 200 அவ்வளவுதான். வரும் தைப்பூசக் காவடியை இதில் கலரில் எடுக்க ஆசை. எந்த ஃபிலிம் போடலாம்? எப்படி வைக்க வேண்டும்?"

ஃபிலிம் கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம். நெட்டாருக்கு வேண்டியது 120 ரோல். 1901இல் வந்த அந்த அளவு இன்றும் கடையில் இருக்கிறது. (அதே காலத்துக் கோடாக் மடக்கு கேமராக்கள் பலவற்றுக்கு 620 ஸ்பூல் வேண்டும். ஃபிலிம் அகலம் ஒன்றுதான், ஸ்பூல்தான் சிறியது. 120 ஃபிலிமை இருட்டில் அந்த ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்ற வேண்டியிருக்கும்.) உங்கள் கேமராவுக்குள் கிடக்கும் காலி ஸ்பூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபிலிம் சுற்றிக்கொள்ள அதுதான் வேண்டும்.

காசு கொடுத்து ரோல் வாங்கும் முன் துருத்தியைப் (லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே விரிந்து மடங்கும் கறுப்பு உறையை) பாருங்கள். இருட்டறையில் பின்கதவைத் திறந்து, சிறிய எல்.இ.டி. டார்ச்சை உள்ளே விட்டு, மடிப்பு மூலைகளை ஒவ்வொன்றாக வெளியிலிருந்து நோக்குங்கள். லோட் ஷெடிங் வந்தால் இருட்டறைகூடத் தேட வேண்டாம். ஓட்டை இருந்தால் அநேகமாக மூலையில்தான் இருக்கும். அக்ஃபா ஐஸொலெட் துருத்திகள் இதில் பேர்போனவை. ஸைஸ் துருத்திகள் பொதுவாகத் தாங்கும். ஊசிமுனை ஓட்டைக்குத் துணியில் பூசும் கறுப்பு பெயின்ட்டை மெல்லியதாகத் தடவி, துருத்தியை விரித்தபடியே ஒரு நாள் காயவிடுங்கள். தடிமனாகப் பூசினால் கேமரா மடங்காது. மடிப்பு நெடுக வெடித்திருந்தால் பூச்சு நிற்காது, துருத்தியையே மாற்ற வேண்டும்.

அடுத்து ஷட்டர். உங்களுடையது மெதுவான வேகங்களுக்கான பற்சக்கரம் இல்லாத எளிய வகை. அதனால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஃபோனில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் வைத்து, ஷட்டரை 25இல் (அதாவது 1/25 நொடி) வைத்து அடித்து, பின்பக்கமிருந்து படமெடுங்கள். இதழ்கள் திறந்திருப்பது சுமார் 10 பிரேம் தெரிய வேண்டும். 16 தெரிந்தால் உண்மையில் 1/15தான் ஓடுகிறது; கலர் நெகட்டிவுக்கு (பிரிண்ட் போடும் வழக்கமான கலர் ஃபிலிமுக்கு) அதனால் கெடுதல் இல்லை. இதழ் பாதியில் நின்றாலோ எண்ணெய்ப் பசையில் ஒட்டினாலோ மெக்கானிக்கிடம் கொடுங்கள். மேலே எண்ணெய் விடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

பலர் கவனிக்காதது, எத்தனையாவது படம் என்று எண் பார்க்க முதுகிலுள்ள சிவப்புச் சன்னல். பழைய ஆர்த்தோ வகைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால் சிவப்புக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது. கலர் ஃபிலிமிலோ சிவப்பைப் பதிவதற்கென்றே ஓர் அடுக்கு இருக்கிறது. ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும், எண் அச்சிட்ட பின்காகிதம் மட்டுமே காவல். வெயிலில் அது போதாது. சன்னல்மேல் கறுப்பு டேப் ஒட்டி, உங்கள் உடல் நிழலில் எண் பார்க்கும்போது மட்டும் தூக்குங்கள்.

ஃபிலிமைப் பொறுத்தவரை என் தேர்வு கோடாக் கோல்ட் 200. 2022 முதல் 120 அளவிலும் வருகிறது. விடியற்காலைப் பூசைக்கும் மர நிழலுக்கும் போர்ட்ரா 400. எக்டார் 100 மஞ்சள் வேட்டியையும் சாமந்தியையும் கொழிக்கக் காட்டும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் நிழல் நீலம் பாய்ந்துவிடும். ஸ்லைடு ஃபிலிம் வேண்டாம்: அரை ஸ்டாப் தவறைக்கூட (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) அது லேசில் மன்னிக்காது, பழைய ஷட்டரில் அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத்தான் தாங்காது. ஆகவே சந்தேகம் வந்தால் எப்போதும் கூட்டியே கொடுங்கள்.

டர்பனில் தைப்பூச சமயத்து உச்சிவெயில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். காவடி தூக்குபவரின் கண்குழி முழுக்க நிழலாகிவிடும். கோல்ட் 200க்கு வழக்கமான வெயில் கணக்கு 1/200, எஃப் 16. நீங்கள் 1/200, எஃப் 11 வையுங்கள்; எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரியது, ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் விழும். மயிற்பீலி, பால்குடத்தின் பளபளப்பு எல்லாம் அப்போதும் தாங்கும், முகமும் கிடைக்கும். போர்ட்ரா 400 என்றால் வெயிலில் 1/200, எஃப் 16. திறந்த நிழலில் 1/75, எஃப் 11. முடிந்தால் காலை ஒன்பதுக்குள் எடுத்துவிடுங்கள்.

இந்த வகையில் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது, தூரத்தைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். வளையத்தில் 12 அடி, எஃப் 11 வைத்தால் 9 முதல் 18 அடிவரை தெளிவாக விழும். ஊர்வலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைத் திருகுவதைவிட, நீங்களே ஓரடி முன்பின் நகர்வது வேகம். நோவார் மூன்று கண்ணாடி லென்ஸ். முழுக்கத் திறந்தால் ஓரங்கள் குழையும், எஃப் 11இல்தான் நிமிரும்.

துருத்தியை மெதுவாகத் திறங்கள். வெடுக்கென்று திறந்தால் உள்ளே இழுபடும் காற்று ஃபிலிமையும் முன்னால் இழுத்துவிடும். திறந்த பிறகே அடுத்த எண்ணுக்குச் சுற்றுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்த ரோலை உறை பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்தபின் போடுங்கள். எடுத்து முடித்த ரோலைக் காருக்குள் விட்டுவிடக் கூடாது. அந்தச் சூட்டில் நிறம் திரிந்துவிடும். தோல் உறைக்குள் கேமராவைப் பூட்டி வைப்பதும் வேண்டாம். நம் கடற்கரை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதுவே போதும்.

காவடிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு ரோல் சோதனைக்கு ஓட்டுங்கள். லேபில் "சி-41, 120" என்று சொன்னால் போதும் (சி-41 என்பது கலர் நெகட்டிவைக் கழுவும் முறை). நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெளிச்சத் திட்டு விழுந்தால் துருத்தி ஓட்டை. திறந்தபடி அதிக நேரம் வைத்திருந்த படத்தில் அது பெரிதாக இருக்கும். வட்டமான சிவப்புக் கறையோ, பின்காகித எண்ணின் சாயலோ தெரிந்தால் சன்னல். ஓரம் மட்டும் புகைந்திருந்தால் ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது: அடுத்த முறை நிழலில் நின்று, கட்டைவிரலால் ரோலை லேசாக அழுத்திப் பிடித்தபடி மாட்டுங்கள்.