நாய்களை விரட்டியவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்து நாடகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மூன்றாம் அங்கத்தைத் தாண்ட முடியவில்லை. ராஜ்யத்தை மகள்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களே கைவிட்டதால் மழையில் நிற்கும் லியருக்கு நிஜமாகவே புத்தி பேதலிக்கிறது. பக்கத்திலேயே கிளாஸ்டர் பிரபுவின் மகன் எட்கர், உயிருக்குப் பயந்து பைத்தியக்காரப் பிச்சைக்காரன் வேஷம் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பிதற்றுகிறான். என் அப்பா கடைசி இரண்டு வருஷம் நினைவு தப்பிப்போய் இருந்தார். கருவூலத்தில் வேலை பார்த்தவர். சாயங்காலம் ஆனால் ‘சாவி எங்கே, பூட்டணும்’ என்று ஆரம்பிப்பார். ‘ரிடையர் ஆகி இருபது வருஷம் ஆச்சுப்பா’ என்று நானும் தினம் சொல்வேன். தங்கை மட்டும் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவாள். எனக்கு அது பிடிக்காது, பெரியவரை ஏமாற்றுகிறோமே என்றிருக்கும். இதையெல்லாம் கிட்ட இருந்து பார்த்தவனுக்கு எட்கரின் வேஷம் கூசுகிறது. நிஜ நோயாளி பக்கத்தில் ஒரு நடிகனை எதற்கு நிறுத்த வேண்டும்? வெறும் சுவாரஸ்யத்துக்கா?

ரா., தஞ்சாவூர்

அன்புள்ள ரா.,

கூச வேண்டிய இடம்தான். ஷேக்ஸ்பியர் தெரிந்தேதான் அப்படி நிறுத்தியிருக்கிறார். அவருக்கு முன்பே ஒரு லியர் நாடகம் இருந்தது, 1605-ல் அச்சில் வந்தது. அதில் அரசனுக்குப் பைத்தியம் பிடிப்பதே இல்லை. கிளாஸ்டர் குடும்பக் கதை ஃபிலிப் சிட்னியின் ‘ஆர்கேடியா’ என்ற உரைநடைக் கதையிலிருந்து எடுத்தது. அங்கே கண்ணிழந்த அரசனைக் கைப்பிடித்து நடத்தும் மகன் எந்தப் பைத்திய வேஷமும் போடுவதில்லை. ஆக நிஜப் பித்து, பொய்ப் பித்து இரண்டுமே இவர் சேர்த்தவை. சேர்த்ததோடு விடவில்லை, புயல் ராத்திரியில் இரண்டையும் ஒரே குடிசைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

(இடையில் ஒரு செய்தி. 1603-ல் பிரையன் ஆன்ஸ்லி என்ற முதியவருக்குச் சித்தம் சரியில்லை என்று அறிவிக்கச் செய்து சொத்தைக் கையில் எடுக்க மூத்த மகள் பக்கத்தார் முயன்றார்கள். எதிர்த்து நின்றவள் கடைசி மகள். அவள் பெயர் கார்டெல்! லியரின் கடைசி மகள் பெயர் கார்டீலியா. ஷேக்ஸ்பியர் இதைக் கேள்விப்பட்டிருப்பார் என்று நினைக்கிற ஆய்வாளர்கள் உண்டு.)

எட்கரின் பிதற்றலை நீங்கள் சலிப்போடு தாண்டியிருப்பீர்கள். நானும் கல்லூரியில் தாண்டியவன்தான். பாடம் எடுத்தவரே ‘இது பரீட்சைக்கு வராது’ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். இன்றைக்கு நிதானமாகப் பார்த்தால் அந்தப் பிதற்றல் அத்தனையும் கடன் வாங்கிய சரக்கு என்று தெரிகிறது. லண்டனின் பெத்லெம் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் பிச்சை எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். மரத்துப்போன கையில் ஊசியும் ஆணியும் குத்திக் காட்டுவார்கள். எட்கர் அவர்களைப் பார்த்துத்தான் வேஷம் கட்டுகிறான்: முகத்தில் அழுக்கு, இடுப்பில் ஒரு கம்பளி, சிக்குப் பிடித்த தலை, ‘டாம்’ என்று ஒரு பெயர். அவன் கூப்பிடும் பேய்களோ பிளிபர்டிஜிபெட், ஸ்மல்கின், மோடோ, மாஹு. எல்லாம் 1603-ல் சாமுவேல் ஹார்ஸ்னெட் என்ற பாதிரியார் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தவை. கத்தோலிக்கக் குருமார்கள் நடத்திய பேயோட்டல்கள் சுத்தப் பித்தலாட்டம் என்று அம்பலப்படுத்திய புத்தகம் அது. பொய்ப் பைத்தியத்துக்குப் பொய்ப் பேய்கள். இந்தக் குறும்பை நான் ரொம்ப ரசித்தேன்.

லியர் பேச்சில் இப்படி ஒரு பேய்கூட வராது. அவருக்கு எங்கே சுற்றினாலும் மகள்கள்தான். கம்பளியோடு நடுங்கும் டாமைப் பார்த்ததும் முதல் கேள்வியே, ‘எல்லாவற்றையும் மகள்களுக்குக் கொடுத்துவிட்டாயா, அதனால்தான் இந்தக் கதிக்கு வந்தாயா?’ கூட நிற்கும் கென்ட் பிரபு நல்லவர், அரசரின் விசுவாசி. ‘அவனுக்கு மகள்களே இல்லை ஐயா’ என்கிறார். உண்மையைத்தான் சொன்னார். ‘துரோகி’ என்று திட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது அதே அங்கத்தின் ஆறாம் காட்சிக்கு வாருங்கள். லியர் அங்கே நீதிமன்றம் நடத்துகிறார். குற்றவாளிக் கூண்டில் மூத்த மகள் கொனெரில், அதாவது ஒரு முக்காலி. (இந்த விசாரணை 1608 பதிப்பில் இருக்கிறது, 1623 தொகுப்பில் இல்லை. உங்கள் பிரதியில் இல்லாவிட்டால் வேறு பிரதி தேடுங்கள்.) கூடவே வந்திருக்கும் அரசவைக் கோமாளி அந்த முக்காலியிடம், ‘மன்னிக்கணும், உங்களை முக்காலி என்று நினைத்துவிட்டேன்’ என்கிறான். சிரிப்பு வரும், வந்த வேகத்தில் தொண்டையில் நிற்கும். கென்ட் மறுபடி, ‘பொறுமை பொறுமை என்று பெருமைப்படுவீர்களே ஐயா, அது எங்கே போயிற்று?’ என்று கேட்கிறார். எட்கர் நமக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கண்ணீர் முட்டிக்கொண்டு வந்து வேஷத்தையே கலைத்துவிடும்போல் இருக்கிறது என்கிறான்.

அடுத்த வரியில் லியருக்கு நாய்கள் தெரிகின்றன. புலியோ ஓநாயோ இல்லை, குட்டி நாய்கள். ட்ரே, பிளாஞ்ச், ஸ்வீட்ஹார்ட். வீட்டில் செல்லமாக வளர்க்கிற நாய்களுக்கு வைக்கிற பெயர்கள். ‘பாரேன், அதுகள்கூட என்னைப் பார்த்துக் குரைக்கின்றன’ என்கிறார் அரசர். ராஜ்யம் போனதற்கு அழாத எனக்கு இங்கே கண் கலங்கியது.

‘அங்கே நாய் ஏது?’ என்று எட்கர் கேட்கவில்லை. ‘டாம் விரட்டுகிறான் பாருங்கள். போ, போ!’ என்று தலையை ஆட்டிக்கொண்டு பாய்கிறான். வேட்டை நாய், தெரு நாய், வால் நறுக்கின நாய் என்று வகை வகையாக ஒரு பாட்டே பாடி, எல்லாம் கதவைத் தாண்டி ஓடிவிட்டன என்று முடிக்கிறான். லியர் அதற்குப் பிறகு அந்த மூன்று நாய்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. கொஞ்ச நேரத்தில் படுக்கப் போய்விடுகிறார்.

புத்தி தெளிந்தவராகவே பேசுகிற யாராலும் அந்த நாய்களை விரட்டியிருக்க முடியாது. அவை இல்லை என்று தெரிந்தும், இருக்கிற இடத்துக்கே போய் நிற்கிற ஒருவன் வேண்டியிருந்தது. உயிர் பிழைக்கக் கட்டிய வேஷம் அந்த ஒரு நிமிஷம் வேறு வேலைக்குப் பயன்பட்டது. எட்கரை அங்கே நிறுத்தியது இதற்காகத்தான் என்பது என் கட்சி.

எட்கரை முழுக்கக் காப்பாற்ற நான் வரவில்லை. உங்கள் எரிச்சலில் பாதி நியாயம். பெற்ற அப்பா கண் பிடுங்கப்பட்டு எதிரே வந்து நிற்கிறார், அப்போதும் ‘நான்தான்’ என்று அவன் சொல்வதில்லை. இனி வேஷம் பூசிக்கொள்ள முடியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பூசுகிறான். சாகத் துணிந்த அவரை, டோவர் கடற்கரையின் பாறை உச்சி என்று நம்பவைத்துச் சமதரையில் குதிக்கவிடுகிறான், நம்பிக்கையை மீட்கத்தானாம். கடைசியில் உண்மையைச் சொல்லும்போது கிழவரின் நெஞ்சு சந்தோஷமும் துக்கமும் தாங்காமல் வெடித்துவிடுகிறது. முன்பே சொல்லாதது தவறு என்று அவனே ஒப்புக்கொள்கிறான். வேறொரு கிழவருக்கு நாய் விரட்டத் தெரிந்தவனுக்குச் சொந்த அப்பாவிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தங்கை சாவிக்கொத்தைக் கையில் கொடுத்த பிறகு அப்பா என்ன செய்வார்? பூட்டிவிட்டு வந்து சாப்பிட உட்காருவாரா? நேரம் இருந்தால் எழுதுங்கள். தங்கையிடம் கேட்டும் எழுதலாம்.

அன்புடன்.