நாமினி போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 69. ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமணம் செய்துகொள்ளவில்லை. மதுரை லேடி டோக் கல்லூரியில் கணிதம் படித்தேன். விடுதிக் கட்டணம் கட்ட அம்மா வளையலை அடகு வைத்தார். அப்படிப்பட்ட மாணவிகளுக்கு, என் காலத்துக்குப் பிறகு 15 லட்சம் ரூபாய் போய்ச் சேர வேண்டும். டெபாசிட்டுக்குத் தம்பி மகனை நாமினியாகப் போட்டு, கல்லூரிக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். போதுமா? கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு எழுதும் உயில் செல்லாது என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: போதாதும்மா. நாமினி வங்கியிலிருந்து பணத்தை வாங்கும் கை, அவ்வளவுதான். உயில் இல்லாவிட்டால் பணம் உங்கள் வாரிசுகளுக்குச் சேரும். தம்பி மகன் தங்கமானவராக இருக்கலாம்; மற்ற வாரிசுகள் பங்கு கேட்டால் அவர் என்ன செய்வார்?

உயில் செல்லாது என்ற பேச்சு பழங்கதை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118ஆம் பிரிவு அப்படி ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தது. நெருங்கிய உறவு உள்ளவர் தர்மத்துக்கு எழுதினால், இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

ஆகவே உயில் எழுதுங்கள். சாட்சிகள் இருவர் கையெழுத்து வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். உங்களைவிட இளையவர் ஒருவரை எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலில் உள்ளபடி நிறைவேற்றுபவராகப் போடுங்கள்.

பலர் சறுக்கும் இடம் பெயர். 'என் கல்லூரிக்கு' என்று மட்டும் எழுதக் கூடாது. பணத்தைச் சட்டப்படி பெற்றுக்கொள்வது கல்லூரியை நடத்தும் சங்கமோ அறக்கட்டளையோ. அதன் பதிவுப் பெயரை அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். தொகையையும் 15 லட்சம் என்று கட்டிப்போட வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவில் டெபாசிட் கரையலாம். 'மிஞ்சும் பணத்தில் இத்தனை சதவீதம்' என்பதே பாதுகாப்பு.

நிபந்தனையில் தாராளமாக இருங்கள். 'பி.எஸ்சி. கணித மாணவிக்கு மட்டும்' என்றால், நாளை அந்தப் பாடப்பிரிவே இல்லாமல் போனால் பணம் முடங்கும். 'வசதி குறைந்த மாணவியின் விடுதிக் கட்டணத்துக்கு, கணிதத்துக்கு முன்னுரிமை' என்று எழுதுங்கள். அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் தகுதியுள்ள மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விடுதிச் சாப்பாட்டுக்கு அது எந்த மூலைக்கு? உங்கள் 15 லட்சத்தைக் கல்லூரி முதலாக வைத்து, 7% வட்டி வந்தால் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய். எண்பதாயிரத்தைச் செலவழித்து மீதியை முதலோடு சேர்க்கச் சொல்லுங்கள். விலைவாசி ஏறும்போது உதவித்தொகையும் ஏற வேண்டுமே.

எல்லாவற்றையும் உயிலுக்கென்று ஒதுக்கி வைக்காமல், இந்த ஜூனிலேயே ஒரு மாணவிக்குக் கட்டணம் கட்டிப் பாருங்கள். நிர்வாகம் எப்படிக் கணக்குக் காட்டுகிறது என்பது தெரிந்துவிடும். நன்கொடைக்கு வருமான வரி விலக்குத் தரும் 80ஜி அங்கீகாரம் அவர்களுக்கு இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் விலக்கும் உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது கிடைக்காது, செக்காகவே கொடுங்கள்.