மலைப்பூண்டு என்று எழுத யாருக்கும் வாடகை கட்ட வேண்டாம்

கேள்வி: மன்னவனூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. எங்கள் பூண்டோடு பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேரின் பூண்டையும் வாங்கிக் காயவைத்து, அரைக் கிலோ பையில் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று ஒட்டி, பூம்பாறையில் கடை போட்டு விற்கிறேன். மதுரைக்கும் கோவைக்கும் பார்சல் போகிறது. போன மாதம் ஒருவர் வந்து, “ஜிஐ லைசென்ஸ் இல்லாமல் இந்தப் பெயரைப் போட்டால் போலீஸ் கேஸ் ஆகும். வருடத்துக்கு 18,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000” என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அட்வான்ஸும் வேண்டாம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு (ஜிஐ என்பது இதுதான்; குறிப்பிட்ட ஊரில் விளைவதால் பெயர் பெற்ற பொருளுக்கான அரசுப் பதிவு) கிடைத்தது உண்மை. பொய்யாக அந்தப் பெயரைப் போட்டு விற்றால் தண்டனை உண்டு என்பதும் உண்மை. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் அது சமவெளிப் பூண்டைப் பையில் போட்டு மலைப்பூண்டு என்று விற்பவனுக்கு எழுதிய சட்டம். மன்னவனூர் மண்ணில் விளைந்ததை மன்னவனூரில் விளைந்தது என்று சொல்லும் உங்களுக்காக எழுதியது இல்லை.

‘லைசென்ஸ்’ என்ற சொல்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. புவிசார் குறியீட்டில் லைசென்ஸ் என்ற ஒன்றே கிடையாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இந்த உரிமையை விற்கவோ, உரிமம் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு எந்த ஒப்பந்தத்தின் மூலமும் கைமாற்றவோ கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பதிவு பெற்றவர் இறந்தால் வாரிசுக்குப் போகும். அது ஒன்றுதான் வழி. ஊருக்கே சொந்தமான பெயரை ஒருவர் எப்படி உங்களுக்கு வாடகைக்கு விடுவார்? அடுத்த முறை வந்தால் 24-ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள். திரும்ப வரமாட்டார்.

போலீஸ் பயமும் வேண்டாம். இந்தச் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனை போட டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரிக்குத்தான் அதிகாரம். அவரும் முதலில் புவிசார் குறியீட்டுப் பதிவாளரிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். ஒரு ஏஜென்ட் போன் போட்டதும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ பதிவு, அதாவது இந்தப் பூண்டை விளைவிப்பவர் என்று உங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது. அரசின் ஜிஐ முத்திரையைப் பையில் அச்சிடவும், போலிப் பூண்டு விற்பவன் மேல் நீங்களே வழக்குப் போடவும் அந்தப் பதிவு வேண்டும். அதற்கான அரசுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய். முன்பு 500 ஆக இருந்ததை 2020-ல் விதியைத் திருத்திப் பத்தாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய் வேலைக்குத்தான் அவர் 18,000 கேட்கிறார், அதையும் வருடா வருடம். பதிவு கிடைத்தால் பத்து ஆண்டு செல்லும். ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்ற குறியீட்டின் மூலப் பதிவுக் காலம் அதற்கு முன்பே முடிந்தால் உங்கள் பதிவும் அதோடு முடியும். பிறகு புதுப்பிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஆண்டுச் சந்தா கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை: பக்கத்துத் தோட்டத்துப் பூண்டு. தானே விளைவிக்காததை இந்தப் பெயரில் விற்கலாமா? விற்கலாம். குறியீடு பெற்ற பொருளை முறையாக வாங்கியவர் அதை மறுபடி விற்றாலும், பதப்படுத்தினாலும், பையில் அடைத்தாலும் அத்துமீறல் ஆகாது என்று 22-ஆம் பிரிவின் கடைசிப் பகுதி விலக்குத் தருகிறது. ஆனால் இந்த விலக்குக்கு இரண்டு கால். ஒன்று, பொருள் உண்மையிலேயே அந்தப் பகுதியில் விளைந்ததாக இருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் கைக்கு வந்த பிறகு அதன் தரம் கெட்டிருக்கக் கூடாது. ஈரம் காயாமல் பையில் போட்டுப் பூசணம் பிடித்தால் இரண்டாவது கால் முறியும். வெளிப் பூண்டைக் கலந்தால் முதல் காலே போய்விடும்.

கொடைக்கானல் மேல்மலைக்காரர்கள் பலர் தெரியாமல் வழுக்கி விழுவது இந்த முதல் காலில்தான். அறுவடை இல்லாத மாதத்தில் ஆர்டர் வரும். வடுகபட்டிச் சந்தைக்குப் போய் இரண்டு மூட்டை வாங்கி வந்து நிரப்பிவிடுவார்கள். அங்கே நம் மலைப்பூண்டும் வரும், வடநாட்டுப் பூண்டும் வரும். மூட்டை எந்தத் தோட்டத்தது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பையில் கொடைக்கானல் பெயரைப் போடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கும் ஊட்டிப் பூண்டுக்கும் இதே கதைதான். நல்ல பூண்டுதான், மலையில் விளைந்ததுதான், ஆனால் கொடைக்கானல் பூண்டு இல்லை. கிலோவுக்கு மிஞ்சும் லாபத்துக்காக இதைச் செய்தால் அந்த ஏஜென்ட் காட்டிய பயம் அன்றைக்கு நிஜமாகிவிடும். ஆகவே இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, யார் தோட்டம், எத்தனை கிலோ, கொடுத்தவர் கையெழுத்து. நாற்பது ரூபாய் நோட்டு எந்த வக்கீலையும்விட உங்களைக் காப்பாற்றும்.

இனி, கையெழுத்து விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் மேல்மலையில் ஓர் ஊரில் பட்டா நகல், ஆதார் நகல், வெற்றுத்தாளில் கையெழுத்து என்று பதினைந்து இருபது பேரிடம் ஒருவர் வாங்கிப் போனார். “எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம்” என்றாராம். என்னிடம் அவர்கள் வந்தபோது, விளைவித்தவர்களின் காகிதங்களை இணைத்து விண்ணப்பம் அந்த ஆளின் சொந்த நிறுவனப் பெயரில் தயாராகியிருந்தது. கூடவே, மூன்று ஆண்டு பூண்டை அவருக்கே விற்கிறோம் என்று ஓர் ஒப்பந்தம். படிக்கக் கொடுக்காத எந்தத் தாளிலும், அது ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் கூடுதலாக, கையெழுத்துப் போடாதீர்கள். “மலைப்பூண்டு என்ற பெயரையே உங்களுக்கு டிரேட்மார்க் வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் வந்தால் அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் கடைப் பெயரை டிரேட்மார்க் செய்யலாம். ஊர்ப் பெயரையும் பூண்டையும் சேர்த்து ஒருவர் தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது.

இந்த ஆட்களுக்குப் பிழைப்பு எங்கிருந்து வருகிறது? கட்டணத்தைப் பத்து ரூபாயாக்கியவர்கள் விண்ணப்பத்தைத் தமிழில் தரவில்லை. ஜிஐ-3 என்ற அந்தப் படிவத்தோடு, நீங்கள் விளைவிப்பவர்தான் என்று விளக்க அறிக்கையும் அஃபிடவிட்டும் வைக்க வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில், உங்கள் ஊரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பின் அது பதிவகத்தின் இதழில் வெளியாகி, ஆட்சேபம் சொல்ல மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். குறியீடு கிடைத்த அன்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. அதற்குப் பிறகு பூம்பாறைக்கோ கவுஞ்சிக்கோ ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு எழுத்தர் என்று ஒரு வாரம் அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் எழுதியிருக்கவே மாட்டீர்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை எடுத்து வையுங்கள். குத்தகை நிலம் என்றால் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று விஏஓவிடம் சான்று கேளுங்கள். குறியீடு வாங்க முன்னின்ற கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கும் தோட்டக்கலை அலுவலகத்துக்கும் நேரில் போய், பயனாளர் பதிவுக்கு உதவி வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு நகல் வாங்குங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரையும் கூட்டிப் போங்கள். தனித்தனி விண்ணப்பம், தலைக்குப் பத்து ரூபாய். அதுவரை பையில் ஜிஐ முத்திரையை மட்டும் அச்சிடாதீர்கள். ‘கொடைக்கானல் மலைப்பூண்டு, விளைந்த இடம் மன்னவனூர்’ என்று தாராளமாக எழுதுங்கள்.