ஆசிரியர் தின விழாவை ஈவென்ட்காரரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், பெற்றோர் தரப்பில் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். இந்த 2026 ஆசிரியர் தினத்துக்கு 22 ஆசிரியர்களைக் கௌரவிக்க நினைக்கிறோம். மேடை, மைக், ஷீல்டு, சால்வை, டிபன் எல்லாம் சேர்த்து மதுரை ஈவென்ட்காரர் ஒருவர் 48,000 ரூபாய் கேட்கிறார். பிள்ளைக்கு 100 ரூபாய் வசூலித்தால் சரியாகிவிடும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 48,000-ஐ 22-ஆல் வகுத்துப் பாருங்கள், தலைக்கு 2,180 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆசிரியர் கையில் சேருவது ஒரு ஷீல்டும், பீரோவில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும் சால்வைகளோடு இன்னொன்றும்தான். ‘பேக்கேஜ்’ என்று ஆரம்பித்தாலே மேடைக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, ஷீல்டு ஒன்று என்ன விலை என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் ஊர் மைக் செட்காரரைத்தான் அவரும் கூப்பிடப்போகிறார், தன் பங்கை மேலே வைத்து. சால்வை வேண்டுமென்றால் மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் நீங்களே மொத்தமாக எடுக்கலாம். அவர் பெரிய மாலைகளும் சொல்லியிருந்தால் உடனே வெட்டுங்கள். ஆவணி முகூர்த்தத்தில் மல்லி விலை எகிறிக் கிடக்கும்.

வசூல் யோசனை வம்பை விலைக்கு வாங்குவது. ஒரே ஒரு புகார் மனு போதும், விளக்கம் எழுதிக்கொண்டு நிற்பவர் தலைமையாசிரியர். வகுப்பாசிரியரே பிள்ளைகளிடம் பணம் வாங்கித் தனக்கே சால்வை போட்டுக்கொள்வதாக ஆகிவிடும். குழுவின் கணக்கில் உள்ள அரசு மானியத்திலும் கை வைக்காதீர்கள். முன்னாள் மாணவர்கள், விருப்பமுள்ள பெற்றோர் தருவதை ரசீது போட்டு வாங்குங்கள். பணக் கவர், தங்கக் காசு கூடவே கூடாது. 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஆசிரியர்களுக்கும் உண்டு. ஒரு புத்தகமும், அவரிடம் படிக்கும் பிள்ளை கைப்பட எழுதிய ஒரு பக்கமும் போதும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் பட்டியல். 22 என்று யார் எண்ணினார்கள்? சம்பளப் பட்டியலைப் பார்த்து எண்ணியிருந்தால் மாற்றுப்பணி ஆசிரியர் விடுபடுவார். பெயரும் சம்பளமும் தாய்ப்பள்ளியில், பாடம் நடத்துவது உங்கள் பள்ளியில். அவருடைய தாய்ப்பள்ளி ‘அங்கேதானே இருக்கிறார், அங்கே செய்வார்கள்’ என்று விடும், நீங்கள் ‘அவர் அந்தப் பள்ளி ஆசிரியர்’ என்று விடுவீர்கள். இரண்டு விழாவிலும் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார். உங்களிடமிருந்து வெளியே போனவருக்கும் இதே கதிதான். அதனால் வந்தவர், போனவர் இருவரையும் சேருங்கள். வாரத்துக்கு மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே என்று இருப்பவரையும் சேருங்கள். இரண்டு இடத்தில் புத்தகம் வாங்கினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. தொகுப்பூதியத்தில் இருப்பவர், பகுதிநேர ஓவியம், தையல் ஆசிரியர் பெயரும் இருக்கட்டும். இத்தனை வருடமாகியும் ஒரு பள்ளிக்கு வேண்டிய ஆசிரியரை அந்தப் பள்ளியிலேயே நியமிக்க முடியாத நிர்வாகத்துக்கு மாற்றுப்பணி வசதிதான், அவதி ஆசிரியருக்கு.

பெயர்களை அகர வரிசையில் அழையுங்கள், தலைமையாசிரியர் கடைசியில். பணிமூப்பு வரிசையில் இறங்கினால் விழாவுக்கு முந்தைய நாளே பஞ்சாயத்து. இன்ஷியலும் எழுத்தும் (இரா-வா, ரா-வா) அவரவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். ஷீல்டு அடிப்பதாக இருந்தால் அச்சுக்கு முன் மாதிரியை வாட்ஸ்அப்பில் அவரிடமே காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 5 இந்த வருடம் சனிக்கிழமை, 4 கிருஷ்ண ஜெயந்தி. 3-ஆம் தேதி வியாழக்கிழமை மதியம் கடைசி இரண்டு பீரியடில் முடித்துவிடுங்கள். அன்றைக்குப் பயிற்சியோ கூட்டமோ இருக்கிறதா என்று தலைமையாசிரியரை ஒரு வாரம் முன்பே கேட்கச் சொல்லுங்கள். கேட்டாலும் முதல் நாள் மாலை ஒரு சுற்றறிக்கை வரத்தான் வரும். தங்களுக்கு நடக்கும் விழாவிலேயே ஆசிரியர்கள் போனைக் குனிந்து பார்த்து, கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவு போட்டுக்கொண்டிருப்பதையும் பார்ப்பீர்கள்.

விழா சொதப்புவது பெரும்பாலும் நேரத்தில்தான். பெயர் சொல்லி, மேடை ஏறி, சால்வை போட்டு, போட்டோ எடுத்து, இறங்க ஒருவருக்கு இரண்டரை நிமிடம் வைத்தாலே 22 பேருக்கு 55 நிமிடம். வெயிலில் உட்கார்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் மணலில் வீடு கட்டிவிடும். ஆசிரியர்களை மர நிழலில் அரைவட்டமாக நாற்காலியில் உட்கார வையுங்கள், பிள்ளைகள் போய்க் கொடுக்கட்டும். ஒருவருக்கு 40 வினாடி, மொத்தம் கால் மணி நேரம். மேடைக் காசும் மிச்சம். சிறப்பு விருந்தினர் ஒருவர் போதும், ஐந்து நிமிடம்.

விருந்தினர், சத்துணவுப் பணியாளர், தூய்மைப் பணியாளர் சேர்த்து 40 பேர் என்றால் ஒன்றரைக் கிலோ உளுந்தில் தலைக்கு இரண்டு வடை வரும், டீக்கு மூன்று லிட்டர் பால். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் 2019 ஜனவரி முதல் தடை, எவர்சில்வர் டம்ளர் எடுத்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு விழுகிறதா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விழுந்தால் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டாம், பேட்டரியில் ஓடும் மைக் ஒன்று சொல்லிவையுங்கள்.