ஃபென்வேயின் சிவப்பு நாற்காலி

பாஸ்டனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் பேஸ்பால் பேச்சு ஆரம்பித்தால் ஒன்றுமே புரியவில்லை, யாரையோ 'த்ரீ ஹண்ட்ரட் அடிக்கிறான்' என்று கொண்டாடுகிறார்களே, அது 300 ரன்னா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

ரன் இல்லை. அது 0.300. மட்டையோடு பத்து தடவை நின்றால் மூன்று தடவை ஹிட் அடிக்கிறான், அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி, அவுட்டாகாமல் முதல் பேஸையாவது (ஓடித் தொட வேண்டிய இடம்) அடைகிறான் என்று அர்த்தம். நம் கிரிக்கெட்டில் ரன்னை அவுட்டால் வகுப்போம். இங்கே ஹிட்டை, மட்டை பிடித்த தடவையால் வகுக்கிறார்கள். நாலு பந்து தள்ளிப் போட்டு 'வாக்' (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம்) கொடுத்துவிட்டால் அந்தத் தடவை கணக்கில் வராது.

பத்துக்கு மூன்று என்ன பெரிய விஷயம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து மட்டைக்கு வந்து சேர அரை நொடிகூட ஆகாது. பந்தும் உருண்டை, மட்டையும் உருண்டை. பின்பக்கம் லேசாகத் தட்டிவிட்டு ஓடலாம் என்றால் அது ஃபவுல், ஓட முடியாது. இதெல்லாம் மைதானத்தில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த ஊரில் தெரிந்திருக்க வேண்டிய பெயர், பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ். 1941 செப்டம்பர் 28, சீசனின் கடைசி நாள், ஃபிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். காலையில் அவருடைய சராசரி 0.39955. முழுமையாக்கினால் 0.400. மேனேஜர் ஜோ குரோனின், வேண்டுமானால் இன்று உட்கார்ந்துகொள் என்றார். 23 வயதுப் பையன் மறுத்துவிட்டு இரண்டு ஆட்டமும் ஆடினான். எட்டுக்கு ஆறு ஹிட்! 0.406 என்று முடித்தான். பெரிய லீகுகளான அமெரிக்கன், நேஷனல் இரண்டிலும் அதற்குப் பிறகு யாரும் 0.400ஐத் தொடவில்லை.

ஆனால் கறுப்பின ஆட்டக்காரர்களை அப்போது அந்த லீகுகளில் சேர்ப்பதே இல்லை. அவர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீகுகளின் கணக்கை 2024ல்தான் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்தார்கள். ஜாஷ் கிப்ஸன் 1943ல் அடித்த 0.466தான் இப்போது ஒரு சீசனின் உச்சம். அவ்வளவு தாமதமாகச் சேர்த்ததை நினைத்தால் மனது வலிக்கிறது.

அதே 1941ல் நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ 56 ஆட்டம் தொடர்ந்து ஹிட் அடித்தார். அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும் அவருக்கே போனது. பாஸ்டன் பெரியவர்களிடம் இதைப் பேசினால் மதிய இடைவேளை போதாது. சின்ன வயதுக்காரர்களோடு என்றால் ஜப்பானிய ஆட்டக்காரர் ஓடானியைப் பற்றிக் கேளுங்கள். 2024ல் 54 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), 59 பேஸ் திருட்டு (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). ஒரே சீசனில் இரண்டிலும் ஐம்பதைத் தாண்டியவர் வேறு யாரும் கிடையாது.

ஒருநாள் ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு கேட் திறக்கும்போதே போய்விடுங்கள். வலப்பக்க மேல் வரிசைகளில் பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக இருக்கும். பிரிவு 42, வரிசை 37, எண் 21. 1946 ஜூன் 9 அன்று வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்துவிட்டது. அந்த நாற்காலி பக்கத்தில் நின்று, மட்டை பிடிப்பவர் நிற்கிற ஹோம் பிளேட்டைத் தேடிப் பாருங்கள்.