பேய்க்கதைக்கு எந்த விதி?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக டைஸ் உருட்டி ஆடும் மேசை விளையாட்டு) விளையாடுகிறோம். கதை நடத்துவது நான்தான். புயலுக்கு முந்தின இரவு, உப்பனாற்று முகத்துவாரம் வழியாக ஆளே இல்லாத விசைப்படகு ஒன்று தானாகத் துறைமுகத்துக்குள் வருகிறது என்று ஒரு பேய்க்கதை தயார் செய்தேன். விளக்கை அணைத்து, அலைச் சத்தம்கூட ஓடவிட்டேன். ஒருவரும் பயப்படவில்லை. படகில் ஏறினார்கள், எதிரே வந்ததையெல்லாம் வெட்டினார்கள், இறங்கிவிட்டார்கள். எனக்குக் கதை சொல்ல வரவில்லையா?”

நன்றாகவே வருகிறது. அந்தப் படகு வருகிற இடத்தைப் படித்தபோது எனக்கே சிலிர்த்தது. சிக்கல் வேறு இடத்தில். நீங்கள் வாயால் பயத்தைச் சொல்கிறீர்கள், கையிலிருக்கும் விதிப்புத்தகமோ ‘உனக்கு ஒன்றும் ஆகாது’ என்கிறது. ஆடுகிறவர்கள் புத்தகத்தைத்தான் நம்புவார்கள்.

நம் வீட்டுத் தாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் காயை வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாம். இந்த ஒரு விதி போதும், காயைப் பழமாக்குகிற வேலையை விட்டுவிட்டுப் பாட்டிகூட வெட்டுவதற்கு அலைவார். ஆக்ரோஷமாக ஆடச் சொல்லி யாரும் அவரைத் தூண்டவில்லை. வெட்டுக்குப் பரிசு இருக்கிறது, அவ்வளவுதான்.

டி அண்ட் டி 1974-ல் போர்க்கள பொம்மை விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அந்த ரத்தம் இன்னும் அதில் ஓடுகிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், எவ்வளவு அடி வாங்கினாலும் எட்டு மணிநேர ஓய்வுக்குப் பிறகு ஹிட் பாயிண்ட், அதாவது பாத்திரத்தின் உயிரளவு, முழுவதும் திரும்பிவிடும். பூஜ்யத்துக்கு இறங்கினாலும் பொதுவாக உடனே சாவு கிடையாது, மூன்று முறை டைஸ் கைவிட்டால்தான் சாவு. இப்படி ஒரு உடம்பு இருக்கிறவன் படகைப் பார்த்து ஏன் ஓட வேண்டும்? இதே விளையாட்டின் பழைய பதிப்புகளில் கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி; அது சேரச் சேரத்தான் பாத்திரம் வலுப்பெறும். அப்போது பூதத்தோடு மோதுவதைவிட, அது தூங்கும் நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிவருவதுதான் லாபம். பரிசு மாறினால் ஆட்டமே மாறிவிடும்.

பயத்துக்கென்றே செய்த விதிகள் எப்படி இருக்கும்? 1981-ல் வந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ என்ற திகில் விளையாட்டில் ஹிட் பாயிண்டோடு மனநிலைக்கும் ஒரு எண் உண்டு. கோரமான ஒன்றைப் பார்த்தால் நூறு பக்க டைஸை உருட்டி, அந்த எண்ணுக்குள் விழ வேண்டும். தவறினால் எண் குறையும். குறையக் குறைய அடுத்த முறை தப்புவது இன்னும் கஷ்டம். இரண்டு மணிநேரத்தில் ‘நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்’ என்று ஆட்களே சொல்லத் தொடங்குவார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது 2005-ல் வந்த ‘டிரெட்’. டைஸே கிடையாது. நடுவில் ஜெங்கா கோபுரம், 54 மரக்கட்டைகள். ஆபத்தான காரியம் செய்ய ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். உருவ மறுக்கலாம், ஆனால் காரியம் நடக்காது. கோபுரத்தைச் சாய்த்தவரின் பாத்திரம் கதையை விட்டே போய்விடும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடி அறையில் இதை நடத்தினேன். மூன்றாவது மணிநேரம், கோபுரம் இடுப்பு ஒடிந்த மாதிரி நிற்கிறது. கப்பலின் அடித்தளக் கதவைத் திறக்கத் தம்பி ஒருவன் உருவ வேண்டும். ஒரு கட்டையை ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். விரலை எடுத்தான். உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்தான். பிறகு, “அண்ணா, அந்தக் கதவு அப்படியே இருக்கட்டும்” என்றான். பேயை நான் இன்னும் காட்டவே இல்லை.

டைஸின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது பக்க டைஸில் எந்த எண்ணும் விழ ஒரே வாய்ப்பு, 5 சதவீதம். கூச்சலுக்கும் கொண்டாட்டத்துக்கும் அது நல்லது. ஆறு பக்க டைஸ் மூன்றை உருட்டினால் 216 விதமாக விழலாம், அதில் 54 முறை கூட்டுத்தொகை 10 அல்லது 11. 18 வருவது ஒரே முறை. பெரும்பாலும் நடு எண்களே விழுவதால், அங்கே திறமைசாலி திறமைசாலியாகவே இருப்பான். 2010-ல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்டு’ இரண்டு டைஸ்தான் உருட்டுகிறது. 7 முதல் 9 வரை விழுந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஒரு விலையோடு. கயிற்றைப் பிடித்துப் படகில் ஏறிவிட்டாய், சரி, ஆனால் டார்ச் தண்ணீரில் விழுந்துவிட்டது. பாத்திரத்தின் திறமைக்கான கூட்டல் கழித்தல் இல்லாமல் உருட்டினால் நூற்றுக்கு 42 முறை இப்படித்தான் விழும். பேய்க்கதைக்கு இந்த ‘ஆனால்’ பெரிய துணை.

உங்கள் குழுவுக்கு டி அண்ட் டி பழகிவிட்டது, விட மனமில்லை என்றால் இரண்டு மாற்றம் செய்யுங்கள். அதே ஐந்தாம் பதிப்பின் டிஎம் (கதை நடத்துபவர்) கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது: எட்டு மணிநேரத் தூக்கம் சின்ன ஓய்வுதான், முழு ஓய்வுக்கு ஏழு நாள். அதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கொன்றதற்கு அனுபவப் புள்ளி கொடுப்பதை நிறுத்துங்கள். படகில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தடயத்துக்கும், உயிரோடு கரைக்கு வந்ததற்கும் கொடுங்கள். இந்த இரண்டையும் ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். தெரியாத விதியைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், இந்தப் படகுக் கதைக்கு மட்டும் ஒரு ஞாயிறு ‘டிரெட்’ ஆடிப்பாருங்கள். ஒரே இரவில் முடிகிற கதை, அதற்கென்றே அளவெடுத்த விதி. மேசை ஆடாமல் காலுக்கு அட்டை கொடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.